மூலனூர் வெயிலும் சிங்கப்பூர் புழுக்கமும்

சித்திரை மாதத்துப் பிற்பகலில் திருப்பூர் மாவட்டத்து மூலனூரில் 38 டிகிரி வெயில் அடித்தால் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆடு மேய்ப்பவர் காட்டில்தான் இருப்பார். பருத்தி மூட்டையை இறக்குகிறவரும் வேலையை நிறுத்த மாட்டார். அந்த ஊரிலிருந்து பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூர் கிளம்பும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். புறப்படும் முன் கைப்பேசியில் அங்குள்ள வெப்பநிலையைப் பார்க்கிறார்கள். 32 டிகிரி. "நம்மூருக்கு இது எவ்வளவோ பரவாயில்லீங்க" என்று நிம்மதியாகப் பெட்டியைக் கட்டுகிறார்கள். கோவையிலிருந்து விமானத்தில் ஏறினால் சுமார் 4 மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம்.

மறுநாள் காலை சிராங்கூன் சாலையில் அரைக் கிலோமீட்டர் நடப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. நெற்றியிலிருந்து சொட்டும் வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிகிறது. குழந்தைகள் தேக்கா சந்தைப் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். ஊரில் 38ஐத் தாங்கிய அதே உடம்பு இங்கே 32இல் தவிக்கிறது.

கைப்பேசி சொன்ன எண்ணில் தவறு இல்லை. ஆனால் அது காற்றின் வெப்பத்தை மட்டும்தான் சொன்னது. உடம்பு எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற முடியும் என்று அறிய இன்னொரு வெப்பமானி வேண்டும். சாதாரண வெப்பமானியின் குமிழைச் சுற்றி நனைந்த பருத்தித் துணியைக் கட்டிக் காற்றோட்டத்தில் பிடித்தால் துணியிலுள்ள நீர் ஆவியாகும். ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துச் செல்வதால் அளவு இறங்கும். எங்கே இறங்கி நிற்கிறதோ, அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. வியர்த்து நிற்கும் மனிதத் தோலும் ஏறக்குறைய இந்த ஈரத்துணியின் நிலையில்தான் இருக்கிறது.

இப்போது இரண்டு ஊர்களையும் மீண்டும் அளக்கலாம். மூலனூரில் 38 டிகிரி வெப்பமும் 25 சதவீத ஒப்பு ஈரப்பதமும் உள்ள ஒரு கோடைப் பிற்பகலை எடுத்துக்கொண்டால் ஈரக்குமிழ் அளவு சுமார் 23 டிகிரி. சிங்கப்பூரில் 32 டிகிரியும் 65 சதவீத ஈரப்பதமும் என்றால் அது 26.6. சாதாரண வெப்பமானியில் மூலனூர் 6 டிகிரி கூடுதலாக இருக்கிறது. ஈரத்துணி கட்டிய வெப்பமானியில் சிங்கப்பூர் மூன்றரை டிகிரிக்கு மேல் முந்திவிடுகிறது.

மனித உடம்பு எப்போதும் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் ஏறத்தாழ 100 வாட். கையில் பையோடு கடைகடையாக நடந்தால் 250 வாட் அளவுக்குப் போகும். இது ஒரு மணி நேரத்தில் 900 கிலோஜூல். சுற்றியுள்ள காற்று தோலைவிட நன்றாகக் குளிர்ந்திருந்தால் இதில் பெரும்பகுதி தானாகவே காற்றுக்குப் போய்விடும். காற்றும் தோலைப் போலவே சூடாக இருக்கும் நாளில் வியர்வை ஒன்றே வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் உடம்பைவிட்டு நீங்கும். அப்படியானால் ஒரு மணி நேர நடைக்கு 375 மில்லிலிட்டர் வியர்வை போதும் என்று கணக்கு சொல்கிறது.

அந்த வியர்வை ஆவியாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சொட்டித் தரையில் விழுந்த வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. கைக்குட்டையால் துடைத்தெடுத்த வியர்வையும் அப்படியே. உடம்பிலிருந்து நீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

ஆவியாகும் வேகம் தோலின் மேலுள்ள நீராவி அழுத்தத்துக்கும் காற்றின் நீராவி அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. வெயிலில் நனைந்த தோல் 35 டிகிரியில் இருந்தால் அங்கே நீராவி அழுத்தம் 56 மில்லிபார். மேலே சொன்ன மூலனூர்க் காற்றில் அது 17 மில்லிபார்தான், வேறுபாடு 39. சிங்கப்பூர்க் காற்றில் ஏற்கெனவே 31 மில்லிபார் இருப்பதால் வேறுபாடு 25ஆகச் சுருங்கிவிடுகிறது. மூலனூரில் வியர்வை தோலுக்கு வந்த உடனேயே மறைகிறது. சட்டையில் வெள்ளை உப்புக் கோடு தெரியும்போதுதான் எவ்வளவு வியர்த்திருக்கிறது என்று புரியும். சிங்கப்பூரில் அது மறையாமல் தோலிலேயே தங்குகிறது. உடம்பு குளிரவில்லை என்பதை மூளை உணர்ந்து மேலும் வியர்க்கச் சொல்கிறது. மணிக்கணக்கில் இப்படி நனைந்தே கிடக்கும் தோல் ஊறி வீங்கி வியர்வைத் துளைகளை நெருக்கத் தொடங்குவதால் வியர்வைச் சுரப்பும் குறையும். வேர்க்குரு புறப்படுவது இத்தகைய அடைப்பினால்தான்.

காற்றோட்டத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. தோலை ஒட்டி ஈரமான காற்று ஒரு மெல்லிய படலமாக நிற்கும். வீசும் காற்று அதைத் தள்ளிவிட்டு உலர்ந்த காற்றைக் கொண்டுவருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் திறந்திருப்பதால் பல்லடம், உடுமலை, தாராபுரம் பகுதிகளில் தென்மேற்குப் பருவத்தில் காற்று நிற்காமல் வீசும். வழியெங்கும் நிற்கும் காற்றாலைகளே இதற்குச் சாட்சி. கடலால் சூழப்பட்ட சிங்கப்பூரிலோ இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களில் காற்று மெலிந்துவிடும். நம் பள்ளி விடுமுறை வருவது சரியாக அந்த மாதங்களில். சிங்கப்பூரின் உச்ச வெப்பப் பதிவான 37 டிகிரியும் இதே காலத்தில்தான் இருமுறை பதிவாகியிருக்கிறது: 1983 ஏப்ரல் 17 அன்று தெங்காவிலும், 2023 மே 13 அன்று ஆங் மோ கியோவிலும்.

இதைப் படித்துவிட்டு வறண்ட வெயில் ஆபத்தற்றது என்று யாரும் முடிவுசெய்துவிடக் கூடாது. 38 டிகிரிக் காற்று தோலைவிடச் சூடானது. அது உடம்புக்குள் வெப்பத்தைத் தள்ளுகிறது. அதையும் சேர்த்து வெளியேற்ற வியர்வை கூடுதலாகச் செலவாகிறது. கண்ணுக்குத் தெரியாமல் நீர் வற்றுகிறது, தாகமும் தாமதமாகவே எடுக்கிறது. மூலனூர்க்காரர் மயங்கி விழுந்தால் பெரும்பாலும் நீர் போதாமல் விழுவார். புழுக்கத்தில் நடப்பவரோ கையில் தண்ணீர்ப் புட்டி இருந்தும் விழக்கூடும்.

ஈரக்குமிழ் கணக்கின் வரலாற்றில் நெசவுத் தொழிலுக்கு ஓர் இடம் உண்டு. உலர்ந்த காற்றில் பருத்தி நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளில் கூடத்துக்குள் நீராவியைச் செலுத்தி வந்தார்கள். நூல் தப்பித்தது, தொழிலாளர்கள் வெந்தார்கள். எதிர்ப்பு வலுத்து, ஆலைக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்பதற்கு 1889இல் சட்டம் வந்தது. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வெக்கையை ஆராய்ந்த உடலியலாளர் ஜே. எஸ். ஹால்டேன் 1905இல் ஒரு தெளிவான முடிவை வெளியிட்டார். அசையாத காற்றில் ஈரக்குமிழ் அளவு சுமார் 31 டிகிரியைத் தாண்டினால் மனிதனின் உள்ளுடல் வெப்பம் ஏறத் தொடங்குகிறது. சாதாரண வெப்பமானி எதைக் காட்டினாலும் இந்த எல்லை முக்கியமானது.

நூறாண்டுக்குப் பிறகு, 2010இல், ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹியூபர் இருவரும் 35 டிகிரி ஈரக்குமிழை மனிதன் தாங்கக்கூடிய இறுதி எல்லை என்று கணக்கிட்டார்கள். அது கோட்பாட்டின்படி வந்த எண். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வெப்ப அறைக்குள் லேசான வேலை செய்யவைத்து அளந்து 2022இல் வெளியிட்ட முடிவில், ஈரமான சூழலில் எல்லை 31ஐ ஒட்டியே அமைந்தது. ஹால்டேன் சொன்ன இடத்துக்கே அறிவியல் திரும்பி வந்திருக்கிறது. முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் இந்த எல்லை இன்னும் கீழே இருக்கும்.

சிங்கப்பூர் அரசு இந்த அறிவைத் தெருவுக்கே கொண்டுவந்திருக்கிறது. 2023 ஜூலையில் அங்கே வெப்ப அழுத்த அறிவிப்பு முறை தொடங்கியது. அதன் அடிப்படை, அமெரிக்கக் கடற்படைப் போர்வீரர்கள் பயிற்சியில் சுருண்டு விழுவதைத் தடுக்க 1950களில் உருவாக்கிய ஓர் அளவுகோல். அதில் ஈரக்குமிழுக்கு 70 சதவீதம், வெயிலில் வைத்த கருநிறக் கோளத்தின் வெப்பத்துக்கு 20 சதவீதம், சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10 சதவீத மதிப்பு. இந்தக் கூட்டு எண் 31க்குக் கீழே இருந்தால் அழுத்தம் குறைவு. 31 முதல் 33 வரை நடுத்தரம். 33ஐத் தொட்டால் அதிகம். ஊர்சுற்றப் போகிறவர்கள் வழக்கமான வானிலைச் செயலியை விட்டுவிட்டு இதைப் பார்த்துக் கிளம்புவது நல்லது.

நேரக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. சிங்கப்பூர் கடிகாரம் அதன் தீர்க்கரேகைக்கு உரிய நேரத்தைவிட ஒரு மணிக்கு மேல் முன்னால் ஓடுகிறது. மலேசியா தன் நேரத்தை ஒருமைப்படுத்தியபோது சிங்கப்பூரும் 1982 முதல் அதே நேரத்துக்கு மாறியதன் விளைவு இது. மூலனூரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.20 மணிக்கு. சிங்கப்பூரில் அது 1.05 மணிக்கு. "பன்னிரண்டு மணி வெயில் போகட்டும், சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்கு மேல் நடக்கலாம்" என்று ஊர் வழக்கப்படி திட்டமிடுபவர் நேராக உச்சி வெயிலுக்குள் இறங்குகிறார். 1827இல் நிறுவப்பட்ட சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலை வெறுங்காலோடு சுற்ற வேண்டுமென்றால் காலையிலேயே போய்விட வேண்டும். நண்பகலுக்குப் பிறகு வெயிலில் கிடக்கும் கல்தரை எந்த ஊரிலும் 50 டிகிரியைத் தாண்டக்கூடியது.

நல்ல வேளையாக அந்த நகரம் நிழலை மதிக்கிறது. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே ஒவ்வொரு வீடும் கடையும் தெருப்பக்கம் கூரையிட்ட நடைவழி விட வேண்டும் என்ற விதி இருந்தது. லிட்டில் இந்தியாவின் பழைய கடை வரிசைகளில் இன்றும் அந்த ஐந்தடி நடைவழி தொடர்கிறது. மல்லிகைச் சரமும் பித்தளைச் சாமானும் பார்த்தபடியே அதற்குள் நடந்தால் வெயில் நேராகத் தலையில் விழாது. சாலைகளில் அகலக் குடை விரித்து நிற்பவற்றுள் பல தூங்குமூஞ்சி மரங்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அதே மரம் நம் ஊர்ச் சாலையோரங்களிலும் நிற்கிறது. நிழலில் காற்றின் வெப்பநிலை ஓரிரு டிகிரிதான் குறையும். ஆனால் சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட் வரை பொழியும் நேர் வெயில் உடம்பில் படாமல் போகிறது. சாலை விரிவாக்கத்துக்காகக் கொங்குச் சாலைகளில் மரங்களை வெட்டித் தள்ளும்போது நாம் இழப்பது இந்தப் பாதுகாப்பைத்தான்.

பிற்பகலில் எல்லோரும் சென்று சேரும் இடம் குளிரூட்டிய அங்காடி. முஸ்தபா சென்டரின் கதவைத் தாண்டியதும் கிடைக்கும் சுகத்தில் பாதிதான் குளிர்ச்சி. மீதிப் பாதி வறட்சி. 24 டிகிரியும் 55 சதவீத ஈரப்பதமும் உள்ள அங்காடிக் காற்றில் நீராவி அழுத்தம் சுமார் 16 மில்லிபார். மூலனூரின் கோடைப் பிற்பகல் காற்றிலும் ஏறத்தாழ அதே அளவுதான். வெளியே ஆவியாக முடியாமல் கிடந்த வியர்வை உள்ளே வந்ததும் விருட்டென்று ஆவியாகிறது. நனைந்த சட்டையோடு நிற்பவர் ஐந்தே நிமிடத்தில் நடுங்குகிறார். குளிரூட்டி முதலில் பிறந்ததும் ஈரத்தை அடக்கத்தான். 1902இல் வில்லிஸ் கேரியர் அதை வடிவமைத்தது நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துத் தாள் ஈரத்தில் விரிந்து சுருங்காமல் இருப்பதற்காக.

அங்காடியை விட்டு வெளியே வரும்போது கண்ணாடி அணிந்தவருக்கு ஒரு கணம் பார்வை மறைந்துவிடும். சிங்கப்பூர்க் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24, 25 டிகிரி. உள்ளே அதற்கும் கீழே குளிர்ந்த கண்ணாடிமேல் வெளிக்காற்றின் நீராவி படிந்து மூடுகிறது. மூலனூர்க் கோடையில் பனிநிலை 15 டிகிரியை ஒட்டியிருப்பதால் அங்கே கண்ணாடி இப்படி மங்குவதில்லை. தன் ஊர்க் காற்றுக்கும் இந்த ஊர்க் காற்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பையன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள இதைவிட எளிய சோதனை கிடையாது.

குளிரூட்டி உள்ளிருந்து எடுக்கும் வெப்பத்தைத் தெருவில்தான் கொட்டுகிறது. கான்கிரீட்டும் தாரும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல விடுகின்றன. ஆர்ச்சர்ட் சாலைக் கடைவீதியை ஆராய்ந்தவர்கள், இரவில் அது நகருக்கு வெளியேயுள்ள பசுமைப் பகுதியைவிட 7 டிகிரி வரை சூடாக இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். பொழுது சாய்ந்தால் குளிர்ந்துவிடும் என்ற ஊர் அனுபவம் அங்கே செல்லாது.

என்ன உடுத்திப் போவது என்பதில் திருப்பூர்க்காரர்களுக்குச் சொந்த அறிவே உண்டு. மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் பருத்தி கொண்டுவருகிறவருக்குப் பஞ்சு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் என்பது தெரியும். இந்தியப் பருத்திக் கழகம் 8 சதவீத ஈரப்பதத்தை அடிப்படையாக வைத்து விலை கொடுக்கிறது. 12ஐத் தாண்டினால் வாங்குவதில்லை. அந்தப் பஞ்சு நூலாகி, நிட்டிங் மெஷினில் துணியாகி, பனியன் கம்பெனியில் டி-ஷர்ட் ஆன பிறகும் அதன் குணம் மாறுவதில்லை. பருத்தி இழை தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு நீரை உள்ளே வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைத்திருக்காது. வறண்ட ஊரில் பருத்தியை மிஞ்ச ஆளில்லை: வியர்வையை உறிஞ்சுகிறது, காற்று அதை உடனே காயவைக்கிறது. புழுக்கமான ஊரில் உறிஞ்சிய நீர் காயாமல் கனத்துத் தோலோடு ஒட்டிக் காற்று போகும் வழியை அடைக்கிறது. அங்கே நாள் முழுக்க நடப்பவருக்கு ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) குறைந்த, லேசான துணி வேண்டும். நீரை இழைக்குள் வாங்காமல் மேற்பரப்பில் பரப்பிவிடும் செயற்கை இழை விளையாட்டுத் துணியோ கலப்புத் துணியோ பருத்தியைவிட விரைவில் காயும். பருத்தியிலேயே வளர்ந்த திருப்பூர் இப்போது செயற்கை இழைப் பின்னலாடைக்கும் திரும்புவதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம்.

துணியின் தளர்ச்சி அதன் நிறத்தைவிட முக்கியம். சினாய் பாலைவனத்து பெடூயின் மக்கள் கொளுத்தும் வெயிலில் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்த ஒரு குழு 1980இல் 'நேச்சர்' இதழில் விடை சொன்னது. கறுப்பு அங்கி கூடுதல் வெப்பத்தை ஈர்த்தாலும், தளர்வான அங்கிக்குள் ஓடும் காற்று அதைத் தோலுக்குப் போகவிடாமல் எடுத்துச் சென்றுவிடுகிறது. உடம்புக்குச் சேரும் வெப்பம் வெள்ளை அங்கியிலும் கறுப்பிலும் ஒன்றாகவே இருந்தது. இறுக்கமான ஜீன்ஸில் புழுக்க ஊருக்குக் கிளம்புவதைவிட நம் வேட்டியும் தொளதொளத்த சட்டையும் அறிவியலுக்கு நெருக்கமானவை.

குடிப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். மணிக்கணக்கில் வியர்த்தால் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் வேண்டும். உப்பிட்ட மோர் மிக நல்லது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு என்பதால் அதோடு உப்புள்ள உணவும் சேர வேண்டும். வெக்கைக்கு உடம்பு முழுதாகப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். நான்கு நாள் பயணி பழகும் முன்பே ஊர் திரும்பிவிடுவார். ஆகவே முதல் நாளிலேயே எல்லா இடத்தையும் பார்த்துவிட முயல்வது தவறு. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் குளிர்ந்த இடத்தில் உட்காரவைத்து, தோலை நனைத்து விசிறிவிட வேண்டும். பேச்சு குழறினால் அது வெப்பவாதம், உடனே ஆம்புலன்ஸ்.

பயணிக்குத் தப்பிக்க அங்காடிக் கதவு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அதே லிட்டில் இந்தியாவில் கூடும் தமிழகக் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு வாரத்தின் மற்ற நாட்களில் அந்தக் கதவு இல்லை. அவர்களுக்காகச் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் ஒரு விதி கொண்டுவந்தது: கூட்டு வெப்ப எண் 32ஐத் தொட்டால், வெளியில் கடும் உழைப்பில் இருப்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு தர வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்ல தொடக்கம். ஆனால் வெப்ப அலையைச் சாதாரண வெப்பமானியை முதன்மையாக வைத்தே முடிவு செய்கிறோம். திருப்பூரின் சாயப்பட்டறைகளிலும் ஸ்டீம் அயர்ன் கூடங்களிலும் காற்று மூலனூர்க் காட்டைப் போல உலர்ந்து கிடப்பதில்லை. கொதிநீரும் நீராவியும் சேர்ந்து கூரைக்குக் கீழே புழுக்கத்தை உண்டாக்குகின்றன. வெளியே வெயில் 36 என்று செய்தி வரும் நாளில் உள்ளே ஈரக்குமிழ் 30ஐ நெருங்குகிறதா என்று அளக்க ஓர் ஆள் வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 15ஆம் பிரிவு, செயற்கையாக ஈரமூட்டும் ஆலைகளில் காற்றின் ஈரத்தை அளந்து பதிவு செய்வதற்கு விதிகள் வகுக்க அன்றே வழிசெய்தது. நூலுக்காக ஈரத்தை அளக்கும் பழக்கம் நூற்பாலைகளுக்குப் புதிதல்ல.

ஈரத்தை அளக்கும் அந்தக் கருவியை ஆட்களுக்காகவும் மாட்ட வேண்டும். இரண்டு வெப்பமானிகளும் ஒரு முழம் பருத்தித் துணியும் ஒரு கிண்ணம் தண்ணீரும் போதும். செலவு சில நூறு ரூபாய். நிறுவன உரிமையாளர்கள் அடுத்த கோடைக்குள் ஒவ்வொரு அயர்னிங் கூடத்திலும் சாயப்பட்டறையிலும் அதைப் பொருத்தட்டும். தொழிற்சங்கங்கள் அதைக் கேட்டுப் பெறட்டும். ஈரக்குமிழ் 30ஐத் தொடும் மணியில் மெஷினை நிறுத்தி, பத்து நிமிடம் காற்றோட்டமான இடத்தில் உட்கார அனுமதிக்கட்டும்.